ஏழு மணி இரைச்சல்

துளசியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னா, ரெண்டு வார்த்தை திட்டிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பிடிவாதக்காரி. என் கடைக்கே பூட்டு போடப் பார்த்தவ.

நான் கமாலுதீன். பினாங்குக்காரன். வீடு ஜெலுத்தோங்ல, கடை பாலிக் பூலாவ் பக்கம் மலையடிவாரத்துல. பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், இழுத்து ஆத்தின தே தாரிக் டீ, மத்தியானத்தோட மூடிடுவேன். இடம் ஒரு காலேஜுக்குச் சொந்தம். பேரு வேணாம்லா, வம்பு. மேட்டு மேல அவங்க ஒரு பெரிய இரும்புத் தட்டு வச்சிருக்காங்க. வானத்துலேர்ந்து வர்ற ரேடியோ அலையைக் கேட்கிற தட்டு. அந்த அலை ரொம்ப மெல்லிசாம். தூங்குற பிள்ளையோட மூச்சை நீ காது வச்சுக் கேட்கிறப்ப, பக்கத்துல ஒருத்தன் ஹாரன் அடிச்சா எப்படி? அந்தத் தட்டுக்கு ஒரு கைப்பேசி அப்படித்தான். அதனால சுத்தி அரை கிலோமீட்டருக்குப் போன் கூடாது, வைஃபை கூடாது, வயர்லெஸ் மைக் கூடாது. என் கடையும் அதுக்குள்ளதான். வர்றவன் எல்லாம் போனை அணைச்சிட்டு வந்து, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கிட்டுச் சாப்பிடுவான்.

இந்த அமைதியைக் காவல் காக்கிறதுதான் துளசி வேலை. சுங்கை பினாங் அடுக்குமாடிக்காரி. பதினாலு வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில, சுத்தி இரும்பு அடிச்ச ரூம்ல உட்கார்ந்து ரேடியோ சாமான் சோதிச்சவ. ஃபேக்டரி ஆளைக் குறைச்சப்ப அழுதுகிட்டு உட்காரலை. ராத்திரி வகுப்புக்குப் போய்ப் படிச்சு இந்த வேலைக்கு வந்தா. புருஷன் இல்லை. மக அதிரா படிக்கிறா. மழையோ வெயிலோ, ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள்ல மலை ஏறிடுவா. கையில மீன் முள்ளு மாதிரி ஒரு ஆண்டெனா. காதுக்குக் கேட்காத ரேடியோ இரைச்சலை எந்த வீட்டுல எது போடுதுன்னு அதை வச்சே பிடிச்சிடுவா. டுரியான் தோட்டத்துக்காரனோட மின்வேலியையே கழட்ட வச்சவ.

போன வருஷம் ஒரு புது இரைச்சல் வந்துச்சு. தினமும் காலையில ஏழு மணிக்கு, பத்து நிமிஷம். துளசி ஆண்டெனாவைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா, என் கடை வாசலுக்கு வந்தா ஒண்ணும் இருக்காது.

"அண்ணே, என்னைப் பார்த்ததும் எதையோ அணைச்சிடுறீங்க."

"அடி ஆத்தி! நான் மாவு பிசைவேனா, நீ வர்றியான்னு மேட்டைப் பார்ப்பேனா?"

"ஞாயித்துக்கிழமை உங்க கடை லீவு. அன்னைக்கு மட்டும் இரைச்சல் இல்லை."

மிக்சியை மாத்தினேன், ஐஸ்பெட்டியை மாத்தினேன். ஏழு மணி இரைச்சல் நின்ன பாடில்லை. கடைசியில என் பேரைப் போட்டு காலேஜுக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டா. திங்கட்கிழமை கூட்டத்துல என் கடையைக் காலி பண்ணச் சொல்றதா பேச்சு. இருபத்திரெண்டு வருஷக் கடைங்க! எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவே இல்லை. மெயின் சுவிட்சை இறக்கினேன், பூட்டினேன், சாவியை எடுத்துக்கிட்டு மேட்டுல ஏறி அவ ரூமுக்கே போயிட்டேன். "இன்னைக்கு என் கண்ணு முன்னால காட்டு," ன்னேன்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணே," ன்னா. மூலையில முருகன் படம். அங்க நெருப்பு ஏத்தக் கூடாதுங்கிறதால, லிட்டில் இந்தியாவுல வாங்கின கரண்ட் விளக்கு. சுத்தி வட்டமா குட்டிக் குட்டி லைட்டு. அதைப் போட்டுக் கும்பிட்டுட்டு கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா. கொஞ்ச நேரத்துல திரையில இரைச்சல் கோடு முள்ளு முள்ளா எழும்புச்சு.

"பாரு! என் கடை பூட்டிக் கிடக்கு, சாவி என் கையில. இப்ப என்ன சொல்ற?"

அவ வழக்கம் போல ஆண்டெனாவை எடுத்தா. ஆளில்லாத இடத்துல விளக்கு எரியக் கூடாதாம், அது அவ பழக்கம். கிளம்புறப்ப விளக்கை அணைச்சா. நான் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கோடு படுத்துடுச்சு.

"துளசி, நின்னுடுச்சு."

திரும்பிப் பார்த்தா. விளக்கைப் போட்டா, எழும்புச்சு. அணைச்சா, படுத்துச்சு. மறுபடி போட அவளுக்குக் கை வரலை. ஊர்ல உள்ள அத்தனை மெஷினையும் சந்தேகப்பட்டவ, இதை மட்டும் மெஷினாவே நினைக்கலை. அது அவளுக்குச் சாமி. ஞாயித்துக்கிழமை அவளுக்கும் லீவு, விளக்கு எரியாது. அந்தச் சாமிக்கு மாட்டியிருந்த மலிவு விலை அடாப்டர்தான் இரைச்சல் போட்டிருக்கு.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. விளக்கை இவ பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிட்டான்னா? இரைச்சல் இன்னையோட நின்னுடும். கடை மூடின அன்னைக்கே நின்னுச்சு பார்னு பழி என் தலையிலேயே உட்கார்ந்துடும். அவளோட ஒப்பந்தமும் அந்த மாசத்தோட முடியுது. வாயைத் திறந்தா வேலை போகும்.

"திங்கட்கிழமை நீங்களும் வாங்கண்ணே," ன்னா. "நான் சொல்றதை நீங்க கேட்கணும்."

மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை. யாரை நம்புறது?

கூட்டத்துல ஆறு பேர், தலைவர் சந்திரசேகரன். துளசி மஞ்சப் பையிலேர்ந்து விளக்கை எடுத்து மேசையில வச்சு மாட்டினா. கூடவே கொண்டு வந்த இரைச்சல் பார்க்கிற கருவியில கோடு துள்ளுச்சு. "ஏழு மணி இரைச்சல் என்னோடது சார். கமாலுதீன் அண்ணன் மேல நான் எழுதினது தப்பு. அதை ரத்து பண்ணுங்க." குரல் நடுங்கலை. எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு.

சந்திரசேகரன் கண்ணாடியைக் கழட்டினார். "இரைச்சலைத் தடுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். நீங்களே போட்டா, உங்களை எப்படி நான் தொடர்ந்து வச்சிருக்கிறது?"

"அது உங்க முடிவு சார்," ன்னா. கெஞ்சவே இல்லை. கெஞ்சக் கூடாதா பாவி!

நான் எந்திரிச்சேன். யாரும் என்னைக் கேட்கலை. "ஐயா, இவளால மூணு மாசம் நான் படாத பாடு பட்டிருக்கேன். இவளை அனுப்புங்கன்னு சொல்ல இங்க என்னை விட உரிமை யாருக்கும் இல்லை. அனுப்பாதீங்க. நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவனும் தப்பு பண்ணுவான். பண்ணிட்டு, விளக்கைப் பையில போட்டுக்கிட்டு, பழியை என் தலையில கட்டுவான். இவ இருந்தாத்தான் நான் பயமில்லாம கடை திறக்க முடியும்."

ஆறு பேரும் குசுகுசுன்னு பேசினாங்க. எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு, ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம்னு முடிவாச்சு.

வெளிய வந்ததும் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்வான்னு பார்த்தேன். எங்க! "அண்ணே, இவ்வளவு நாள் என் இரைச்சல்ல மத்தவங்க இரைச்சல் எதுவும் தெரியாம போயிருக்கும். நாளைக்குக் காலையில உங்க கடையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

"வா," ன்னேன். "அடுப்பு முதக்கொண்டு பார்த்துக்கோ."

வேற யார் சொல்லியிருந்தாலும் அடிக்கப் போயிருப்பேன்.