பிடிக்குள் இருந்த வேல்

அப்பாவைப் பற்றி நானே பெருமையடிப்பதா என்று பல வருடங்களாக இதை எழுதாமல் இருந்தேன். நேற்று கோவையில் ஒரு பழம்பொருள் கடையில் அரக்கு உருகும் வாசம் மூக்கில் ஏறியது. இனிப் பொறுக்க முடியாது.

காங்கேயம் பக்கம், இன்று பெட்ரோல் பங்க் நிற்கும் இடத்தில், அப்பாவின் பட்டறை இருந்தது. துருத்தி புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட, சிவந்த இரும்பு தண்ணீரில் சீறி அடங்க, பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கத்தி அடித்துக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் சின்னதாக ஒரு வேல் குத்தி, "முருகா" என்று சொல்லிவிட்டுத்தான் அரக்கு ஊற்றிப் பிடியை மாட்டுவார்.

"சாமி மேல ரத்தம் படக்கூடாது கண்ணு" என்பார்.

நேற்று அந்தக் கடைக்காரர் சூடுகாட்டிக் கழற்றிய ஒரு பழைய கத்தியின் பிடிக்குள்ளிருந்து அதே வேல் வெளியே வந்தது. அலகிலோ லண்டன் என்று புதிதாக முத்திரை குத்தியிருந்தது.

"இது எங்கப்பா அடிச்சதுங்க" என்றேன்.

"லண்டன்னு இருந்தாத்தானுங்கக்கா வாங்குவாங்க" என்று சிரித்தபடியே வேலின் மேல் அரத்தை வைத்துத் தேய்த்தார். ரத்தம் படாமல் அப்பா காத்த சாமியை என் கண்ணெதிரே தேய்த்துவிட்டார், பாவி!

படிக்கிறவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். அலகை நம்பாதீர்கள், பிடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கே அரம் தேய்த்த தடம் மட்டும் இருந்தாலும், அது எங்கள் காங்கேயத்துக் கத்திதான்.