விடியும்வரை எரிகிற விளக்கு

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் இருட்டு முறைவைத்து வரும். இன்று இந்தப் பேட்டைக்கு ஏழு மணிக்கு, அந்தப் பேட்டைக்கு ஏழரைக்கு என்று மின்சாரத்தை அரை மணி நேரம் நிறுத்துவார்கள். கரமனையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் அக்ரஹார வீட்டில் மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். அடுத்த நொடி அப்பாவின் குரல் கேட்கும்.

"யார் யார் எங்கே இருக்கேள்?"

அம்மா அடுக்களையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். நான் கூடத்திலிருந்து. வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி, கொல்லைப்புறத்திலிருந்து. பதில் வராத ஆள் கிணற்றுக்குள் இருப்பதாகவே அப்பா முடிவு செய்துவிடுவார். மாமா ஒருநாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தார். அப்பா செருப்பில்லாமல் ஓடிவந்து, கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த கறுப்பைப் பார்த்தபடி நின்றார். அந்த நிற்பைக் கண்ட பிறகு மாமா அந்த விளையாட்டை மறுபடி ஆடவில்லை.

நாங்கள் நான்கு பேர். பயம் ஐந்தாவது ஆள். அதற்கும் ஒரு தட்டு வைத்துத்தான் அம்மா பரிமாறினாள் என்று சொல்லலாம். மீனுக்கு முள் இருக்கும் என்று பயப்பட வழியில்லாத வீடு அது. அப்பா கறிவேப்பிலைக் காம்புக்குப் பயந்தார்.

எனக்குப் பதினோரு வயதில் பொன்முடியில் பள்ளிக்கூட முகாம் வந்தது. ஒரே ஒரு ராத்திரி. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மலைமேல் போய், தேயிலைத் தோட்டத்தின் பழைய கொட்டகை ஒன்றில் படுத்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புவது. என் வகுப்பில் எல்லாரும் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவின் சம்மதத்தை டீச்சரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு ராத்திரிக்காக நான் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தேன். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மேகம் உள்ளே வந்தால் எங்கே உட்காரும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டது.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தார். யாருடைய விண்ணப்பத்தையும் அவர் முடியாது என்று திருப்பியதில்லை. இன்னொரு சான்றிதழ் கேட்பார். அதைக் கொண்டுவந்தால் வேறொன்று. கடைசியில் வந்தவர் தானாகவே களைத்து வராமல் நின்றுவிடுவார். முடியாது என்ற சொல் அப்பாவின் வாயை அழுக்காக்கியதே இல்லை. வீட்டிலும் அதே நடைமுறைதான்.

"கூட எத்தனை டீச்சர் வரா?" என்றார் முதலில். கேட்டு வந்து சொன்னேன். "மலையிலே டாக்டர் உண்டோ?" அதையும் கேட்டு வந்தேன். "அட்டைக்கு என்ன பண்ணுவா?" உப்பு மூட்டை எடுத்துப் போகிறார்கள் என்றேன். "கொட்டகையிலே கரண்ட் உண்டோ?"

இல்லை. அது மட்டும் இல்லை.

அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை இப்போது என்னால் பார்க்க முடிகிறது. அப்போது நான் அவர் உதடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ ஒண்ணு பண்ணு. விளக்கு வெச்ச நேரத்திலேருந்து விடியற வரைக்கும் அணையாம எரியற லைட் ஒண்ணு கிடைச்சா, பேஷா போயிட்டு வா."

அடுக்களையில் அம்மா வைத்த பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது. மாமா செய்தித்தாளைத் தாழ்த்தி அப்பாவைப் பார்த்தார். நான்? நான் சம்மதம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் மாமா என்னைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். வெங்காய மூட்டைகளுக்கும் கை வண்டிகளுக்கும் நடுவே ஒரு சந்து. சந்துக்குள் மின்சாமான் கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், தலைக்குமேல் இருபது விளக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாமி. கல்யாணமா, கரண்ட் கட்டா?"

"ரெண்டும் இல்லை. பொன்முடிக்குப் போறா எங்க குட்டி. விடியற வரைக்கும் எரியற லைட்டா வேணும்" என்றார் மாமா.

அண்ணாச்சி ஒரு எமர்ஜென்சி விளக்கை இறக்கி வைத்தார். விசையைத் தட்டியதும் அதன் குழல் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு வெள்ளை வெளேரென்று எரிந்தது. சந்தில் போன ஒரு பூனை நின்று பார்த்தது.

"எத்தனை நேரம் எரியும்?" என்றேன்.

"மூணு மணிக்கூர் தாராளமா."

"அப்புறம்?"

"அப்புறம் பிளக்குல சொருகணும்லா பாப்பா."

மலையில் சொருக இடம் கிடையாது. அடுத்ததற்கும் குழல்தான், பிளக் வேண்டாம், செல்கள் போதும். ஆனால் அது செல்களைக் கடலைமிட்டாய் மாதிரி தின்னும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாவது அழகாக இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், பக்கவாட்டில் ஒரு டார்ச், சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சைரன். சைரன் மட்டும் விடியும்வரை ஊதுமாம். நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்குமேல் அத்தனை விளக்குகள், ஒன்றுக்குக்கூட ஒரு ராத்திரியின் நீளம் இல்லை.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அண்ணாச்சி முக்காலியில் ஏறி, மேல் பரணிலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்தார். பச்சைத் தகரம், கம்பிப் பிடி, கண்ணாடிக் கூண்டுக்குள் சுண்டைக்காய் அளவு பல்பு. அடியில் நான்கு பெரிய செல்கள். எரியவைத்தார். எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"விழிஞ்ஞத்துல கடலுக்குப் போறவங்க வாங்குற லைட்டு. வெளிச்சம் கொஞ்சந்தான். கொஞ்சமா எரியுறதுதான் நெறைய நேரம் எரியும், பாத்துக்கிடுங்க."

"விடியுமா அண்ணாச்சி?"

"விடியுறதை சூரியன் பாத்துக்கும் பாப்பா. லைட்டு எரியுமான்னு கேளு."

"எரியுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "புது செல்லு போட்டா... எரியணும்."

"எரியும்னு சொல்லுங்கோ அண்ணாச்சி" என்றார் மாமா. "எங்க அத்திம்பேர் அதைத்தான் கேப்பார்."

"நான் சொன்னா எரிஞ்சிருமா சாமி? ஒரு ராத்திரி வீட்டுல வெச்சுப் பாருங்க. சரியில்லேன்னா லைட்டைத் திருப்பித் தாங்க. செல்லை மட்டும் நான் திருப்பி எடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் அம்மா சாமி விளக்கை ஏற்றிய அதே நேரத்தில் அப்பா பச்சை விளக்கைக் கூடத்து முக்காலியில் வைத்து எரியவிட்டார். எதிரில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வருகிறவர் உட்காருவதுபோல.

"அத்திம்பேர், அது ஓடிப்போயிடாது. சாப்பிட வாங்கோ" என்றார் மாமா.

"நீ சாப்பிடு."

நான் முக்காலிக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக்குள் அந்தச் சுண்டைக்காய் நடுங்கும்போதெல்லாம் பாயை விட்டுத் தலையைத் தூக்கினேன். காற்று பட்டால் அணைகிற சுடர் இல்லை அது என்று தெரிந்தும், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். மூச்சைக்கூட வேறுபக்கம் திரும்பி விட்டேன். எரி, எரி, எரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் எரியும்; சொல்வதை நிறுத்தினால் அணையும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எத்தனை நேரம் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை. தூக்கம் பின்னாலிருந்து வந்து வாயைப் பொத்திவிட்டது.

கண் விழித்தபோது காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. ஜன்னல் இடுக்கு வெளுத்திருந்தது. முக்காலியின் மேல், பழுத்த பூசணியின் உள்நிறத்தில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பா அதே நாற்காலியில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எரியறது" என்றார். தோற்றவர் குரல் மாதிரியும் இருந்தது, அப்படி இல்லாத மாதிரியும் இருந்தது. "போயிட்டு வா."

நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடினேன். மாமா பல் தேய்த்துக்கொண்டே, "ரேடியோ போடலையா அத்திம்பேர்? நியூஸ் நேரமாச்சே" என்று கேட்டார். "செல் தீந்துபோச்சு" என்றார் அப்பா. நேற்றுக் காலைவரை கணீரென்று பேசிக்கொண்டிருந்த ரேடியோ. மேகம் எங்கே உட்காரும் என்ற என்னுடைய பெரிய கவலைக்கு நடுவே அதற்கு இடமில்லை.

அடுத்த இரண்டு சாயங்காலங்களும் அப்பா எனக்கு ஒரு விநோதப் பயிற்சி கொடுத்தார். ஈரிழைத் துண்டால் என் கண்ணைக் கட்டுவார். விளக்கைக் கையில் கொடுத்து, அடிமூடியைத் திருகச் சொல்வார். பழைய செல்களைக் கொட்டி, புதியவற்றைத் தடவிப் பார்த்துப் போட வேண்டும். குமிழ் இருக்கும் பக்கம் தலை, தட்டையான பக்கம் கால். ஒன்றின் தலையில் இன்னொன்றின் கால்.

"தப்பு. திருப்பிப் போடு."

"விடியற வரைக்கும் எரியற லைட்டுக்கு இது எதுக்குப்பா?"

"பழகி வெச்சுக்கோ."

"ஏன்னா, கொழந்தையைப் பட்டாளத்துக்கா அனுப்பறேள்?" என்றாள் அம்மா. அவர் என் கண்கட்டை இன்னும் இறுக்கினார். மூடியைத் திருகும்போது என் விரல்களுக்கு மேலே அவர் விரல்கள் வந்து வந்து விலகின. இரண்டாம் நாள் கடைசியில் கண் கட்டோடு தப்பில்லாமல் போட்டுவிட்டேன். மாமா கைதட்டினார். அப்பா மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.

சனிக்கிழமை பள்ளி வாசலில் பஸ் நின்றது. விளக்கு என் மடியில். பையின் மேலாக, எளிதில் கை படுகிற இடத்தில், ரப்பர் வளையம் போட்ட நான்கு புதுச் செல்கள். ஜன்னல் வழியாக அப்பா கையை விட்டு விளக்கின் மூடியை இன்னொரு திருகு திருகினார். என் தலையைத் தடவுவார் என்று நினைத்துக் குனிந்திருந்தேன்.

மலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மேகம் உள்ளே வந்தது, எங்கும் உட்காரவில்லை, எங்கள் சட்டைகளை நனைத்துவிட்டுப் பின்கதவால் போனது. இருட்டியதும் கொட்டகையின் உத்தரத்தில் என் விளக்கைத் தொங்கவிட்டோம். மற்றவர்களின் டார்ச்சுகள் ஒன்றொன்றாக அணைந்து தூங்கப் போயின. பக்கத்தில் படுத்திருந்தவள் மலையாளத்தில் கேட்டாள்: "எடீ, நின்றெ அச்சனு லைட்ஹவுஸிலாணோ ஜோலி?" உன் அப்பாவுக்குக் கலங்கரை விளக்கத்திலா வேலை என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெருமையாக. பிறகு தூங்கிவிட்டேன். காலையில் விளக்கு அணைந்திருந்தது. வெளியே பளபளவென்று வெயில். விடிந்துவிட்டது, அதன் வேலை முடிந்தது, போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்பா காலமாகிச் சில வருஷங்கள் கழித்து, அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, யாருக்கோ நடந்ததுபோல இதைச் சொன்னாள்.

"அது எங்கே விடிய விடிய எரிஞ்சுது? பால்காரன் வர்றதுக்கு எத்தனையோ முன்னாலேயே செத்துப்போச்சு. நான் உள்ளே படுத்துண்டு பாக்கறேன். உங்கப்பா இருட்டிலே உக்காண்டிருக்கார். அவருக்கு வேண்டியது அதுதானே? காலம்பற 'அணைஞ்சுடுத்து'ன்னு சொன்னா தீந்தது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரேடியோவோட பின்மூடி திறக்கற சத்தம் கேட்டுது. நான் தூங்கறாப்பல கிடந்தேன்."

கீரைக் காம்புகளை ஒதுக்கினாள்.

"நீ மலையிலே இருந்த ராத்திரி, மறுபடி அதே நாற்காலி. படுக்கவே இல்லை மனுஷன். முன்னே அணைஞ்ச அந்த நேரம் வந்ததோ இல்லையோ, எழுந்து நின்னார். 'இப்போ அணைஞ்சிருக்கும்'னார். 'கொழந்தை முழிச்சிண்டிருந்தா மாத்திப்பாளோ?'ன்னார். நான் என்ன சொல்ல?"

ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது இதெதுவும் எனக்குத் தெரியாது. வாசலிலேயே கத்தினேன்: "அப்பா, விடியற வரைக்கும் எரிஞ்சுது!"

அப்பா என் பையைத் திறந்தார். ரப்பர் வளையம் பிரிக்காத நான்கு செல்களையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ராத்திரி நடுவிலே முழிச்சிண்டியோ?"

"இல்லியே."

"ஒரு தடவைகூட?"

"இல்லைப்பா. நன்னாத் தூங்கினேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எங்கள் வீட்டில் யாருமே செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். அம்மா சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேளையில் படுத்தால் லக்ஷ்மி வாசலோடு திரும்பிப் போய்விடுவாள் என்று எங்களை அதட்டி எழுப்புகிறவரே அவர்தான். கூடத்துச் சிமெண்டுத் தரையில், பாய்கூட விரிக்காமல், சட்டையைக் கழற்றாமல், அப்பா படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

நான் இன்னும் மேகத்தைப் பற்றிச் சொல்லவே தொடங்கியிருக்கவில்லை. அட்டை கடித்த இடத்தைக் காட்ட வேண்டும். லைட்ஹவுஸ் என்று அவள் கேட்டதைச் சொல்ல வேண்டும். அருகில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று தோளை உலுக்கினேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். திட்டவில்லை, விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். மின்விசிறி நின்றது. அந்த அரை மணி நேரத்தில் யார் எங்கே இருக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு தூரம் போய்விட்டு வந்திருக்கிறேன், கேட்பதற்குக்கூட இவருக்கு அக்கறை இல்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.