மகளுக்காகப் பேசியவள்

நெட்டுக்குப்பத்தில் யாருக்கு என்ன வழக்கென்றாலும் முன்னால் நிற்பது மலர்க்கொடியின் வாய்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதிகாரியின் ஜீப்பை மறிப்பாள். ரேஷன் கடையில் வாயில்லாப் பூச்சியாக நிற்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சண்டை போடுவாள். புருஷன் மனோகரன் பேசவேண்டிய இரண்டு வார்த்தையையும் அவளே பேசிவிடுவதால், அந்த மனுஷன் நிம்மதியாகக் கடலுக்குப் போய்வருகிறார்.

மகள் வினிதாவுக்கு எட்டு வயதில் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலும் அந்த வாய் ஓயவில்லை. எங்கே வலி, எப்போது வாந்தி என்று பிள்ளையைக் கேட்டால் தாய்தான் பதில் சொல்வாள். அண்ணன் திருமுருகனிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்துத் தங்கைக்கு ஏற்றினார்கள். சில வாரங்களில் புது ரத்தம் ஊற ஆரம்பித்தது. மலர்க்கொடி மனசுக்குள் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வினிதாவுக்குத் தூக்கம் போனது. "அண்ணன் எப்பம்மா போன் பண்ணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் அவனோடு பேசி முடித்திருந்தாள். சொன்னால் தலையாட்டுவாள், கொஞ்ச நேரத்தில் அதையே கேட்பாள். அண்ணன் மேல் ஏக்கம் என்று மலர்க்கொடி நினைத்தாள். பாவம், வேறென்ன நினைப்பாள்?

காலையில் டாக்டர் ஜானட் பார்க்க வந்தார்.

"வினிதா, இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"

"இட்லி துன்னா டாக்டரம்மா. சட்னி காரமா கீதுன்னு..."

"நீங்க இருங்கம்மா. அவ சொல்லட்டும்."

வினிதா தாயின் உதட்டைப் பார்த்தாள். மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்ச இட்லி இருந்த தட்டு கட்டிலோரத்திலேயே கிடந்தது.

"நா இன்னும் துன்னவே இல்ல," என்றாள் பிள்ளை.

பிள்ளை மறந்ததையெல்லாம் தானே முந்திக்கொண்டு சொல்லி, டாக்டர் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம்தான் மலர்க்கொடிக்குப் புரிந்தது.

"மூளையில வைரஸ் தாக்கியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு," என்றார் ஜானட். "சின்ன வயசுல எல்லாருக்கும் வர்ற வைரஸ்தான். உடம்புக்குள்ளயே தூங்கிக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாதப்ப எழுந்துக்கும். கொடுக்கிற மருந்தாலயும் இப்படி ஆகலாம். எதுன்னு தெரியணும்னா ஸ்கேன் எடுக்கணும், முதுகுத்தண்டுலேர்ந்து கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாக்கணும்."

"முதுவுலயா? காலு வராம பூடும்னு எங்க குப்பத்துல சொல்லிகினு கீறாங்க! என் புள்ளயத் தொடாதீங்க!"

ஜானட் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கால் போகாதும்மா. மரத்துப்போக மருந்து கொடுத்துதான் எடுப்போம். வைரஸுக்கான மருந்தை இப்பவே ஆரம்பிச்சுடறேன். ஆனா எந்த வைரஸ்னு தெரியாம எத்தனை நாள் கொடுக்கறது? சும்மா விட்டா இந்த மறதி அப்படியே நின்னுடும்."

மலர்க்கொடி மகளைப் பார்த்தாள்.

"அண்ணன் எப்பம்மா போன் பண்ணும்?" என்றது அது.

மலர்க்கொடி கையெழுத்துப் போட்டாள்.

ஸ்கேனில், ஞாபகம் தங்கும் இடம் வீங்கியிருந்தது. முதுகுத் தண்ணீரில் டாக்டர் சந்தேகப்பட்ட வைரஸே இருந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்குக் கால் நன்றாகவே வந்தது. ஆனால் நேற்று நடந்தது எதுவும் காலையில் அவளிடம் இருக்கவில்லை. மலர்க்கொடி வேண்டாத சாமியில்லை.

ஒரு நாள் ஈரத்துணியால் முகம் துடைத்துவிடும்போது வினிதா கேட்டாள்.

"நேத்து அந்த நர்ஸக்காவ இன்னாத்துக்கும்மா அப்டி திட்டின? அது அழுதுகினே போச்சு."

மலர்க்கொடியின் கை அப்படியே நின்றது. திட்டியது உண்மைதான். மருந்து பாட்டிலை மாற்றக் கொஞ்சம் நேரமானதற்கு, கரோலின் என்ற அந்தப் பெண்ணை வார்டே அதிரும்படி திட்டியிருந்தாள். நேற்று சாயங்காலம்.

துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அவள் வரும் வேகத்தைப் பார்த்துக் கரோலின் பின்வாங்கினாள். மலர்க்கொடி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"நேத்து உன்ன திட்டினேன் இல்ல கண்ணு? என் புள்ளைக்கு அது ஞாபகம் கீதும்மா!"