பையனுக்கு என்று சொல்லிவிட்டேன்

நம் மலையில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல் மலையை விட்டு எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. கொட்டச்சேட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. வரி கோணிக்கொண்டு போகும். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பனி பெய்வதைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் பேனா பனிக்குப் போகவில்லை, லாரிக்குத்தான் போயிற்று.

கனடாவில் நானும் என் மகள் ஸ்டெல்லாவும் இருக்கிற கட்டிடத்தின் நான்காவது மாடியில், சமையலறை ஜன்னலில் நின்றால் கீழே லாரிகள் நிறுத்தும் பெரிய மைதானம் தெரியும். வந்த புதிதில் அந்த டிரைவர்கள் சாப்பிடுகிற விதம்தான் எனக்கு விளங்கவேயில்லை. பத்து லாரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பத்துப் பேரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ஜினையும் அணைக்காமல், அவரவர் சீட்டில் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். ஒருவர் இறங்கி வந்து இன்னொருவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நம் குப்பனூரில் மலை இறங்கி வந்த லாரி நின்றால், பிரேக் சூடு ஆறுகிற வரைக்கும் டீக்கடை முழுக்க அவர்கள் பேச்சாகத்தான் இருக்கும். எந்தக் கம்பெனி புது வண்டி எடுத்திருக்கிறது, எங்கே ஆள் தேவை என்பதெல்லாம் அங்கே நின்றால் காதில் விழுந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. அவர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். கணக்கெழுதுகிற ரைட்டரோடு வாய்த்தகராறு ஆகி வேலையை விட்டு நின்றபோது ஸ்டெல்லா இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். லாரி வேலை கேட்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. முதலாளியிடம் போவதில்லை, டிரைவரிடம்தான் கேட்பார்கள். வேலை வேண்டியவர் தன் வாயால் கேட்க மாட்டார். வீட்டுப் பெண்தான் போகவேண்டும். நம் மலையில் விளைந்தது எதையாவது கையில் வைத்துக்கொண்டு, டிரைவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் வண்டி ஓரமாக நிற்கவேண்டும். கை கழுவினதும் அவரே கேட்பார். கையில் இருப்பதை வாங்கிக்கொண்டார் என்றால் முதலாளியிடம் சொல்கிறார் என்று அர்த்தம். நான் காபித்தூளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குப்பனூரில் மூன்று நாள் நின்றேன். மூன்றாம் நாள் ஒரு சங்ககிரி டிரைவர் கை கழுவிவிட்டுத் திரும்பினார்.

“ஏனுங்கக்கா, யாருக்கு வேலை?”

“எங்கூட்டுக்காரருக்குங்க.”

“ஆளு எங்கீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

“அந்தக் கடைக்குப் பின்னால நின்னு கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கறாரே, அவருங்களா? கழுத்து இத்தன நீட்டமா இருந்தா ரிவர்ஸ் எடுக்க நொம்ப வசதிதானுங்க!”

கடையே சிரித்தது. எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. ஆனால் காபித்தூளை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே அந்தோணி சில்வர் ஓக் மரம் ஏற்றும் லாரிக்குப் போய்விட்டார்.

லீவு நாளில் ஸ்டெல்லாவையும் ஏற்றிக்கொண்டு போவார். வீட்டு வாசலில் நின்று கியர் மாறுகிற சத்தத்தை வைத்தே அப்பா எந்த வளைவில் வருகிறார் என்று அவள் சொல்லிவிடுவாள். வயதுக்கு வந்த பிறகு நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். “எறங்கு கண்ணு, பொட்டப்புள்ள லாரியில குந்திட்டுப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?” என்றேன். “சொல்றவங்க வந்து ஓட்டட்டும், பாக்கலாம்” என்றார் அவர். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஸ்டெல்லா இங்கே படிக்க வந்தாள். படித்து முடித்து ஒரு குடோனில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தாள். என்னையும் துணைக்கு வரவழைத்துக்கொண்டாள். அந்தக் குடோனை மூடிவிட்டார்கள். அவள் ஒருவரையும் கேட்காமல் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் முன் அனுபவம் இல்லாதவரை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. விசாவுக்கு வேலைக் கடிதம் காட்டாவிட்டால் வருடக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டும். நாகலூரில் இருக்கிற என் தங்கை பிலோமினாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, பிலோமினா வழியாகத்தான் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அதனால் ஆபீஸ் வேலை என்றே சொல்லி வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா தினமும் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு மத்தியானம் அவள் வெளியே போயிருந்தபோது, பிலோமினா அனுப்பியிருந்த காபித்தூளில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். சேலைக்கு மேல் அவளுடைய கோட்டைப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் லாரி ஓரமாகப் போய் நின்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவட்டும் என்று காத்திருந்தேன். நின்றேன், நின்றேன், அவர் இறங்கவேயில்லை. காகிதத்தில் கையைத் துடைத்து வீசிவிட்டார். இங்கே ஒருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ இறங்குவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போது கேட்பது என்றே தெரியவில்லை.

அவர் கண்ணாடியை இறக்கி என்னமோ கேட்டார். கவரைத் தூக்கிக் காட்டினேன். “காபி, கம்பெனி, ஜாப்” என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. இறங்கி, மைதானத்து ஓரத்தில் இருந்த கடைக்கு நடந்து போனார். பெரிய கப்பில் காபியும் ஒரு டோனட்டும் வாங்கி வந்து என் கையில் கொடுத்து, தோளில் தட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். கையேந்த வந்தவள் என்று நினைத்துவிட்டார். சாப்பிடும் பொருளைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. சர்க்கரை இல்லாத அந்தக் காபியை, ஒரு கையில் என் காபித்தூளை வைத்துக்கொண்டு, நின்றபடியே குடித்தேன். எஸ்டேட்டில் கஷ்டப்பட்ட நாளில்கூட நான் ஒருவர் முன்னால் கையேந்தியதில்லை.

பக்கத்து லாரியிலிருந்து ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். இலங்கைத் தமிழர். இறங்கி வந்தார்.

“என்னம்மா, ஆரைத் தேடுறியள்?”

தமிழைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. “உங்க கம்பெனியில டிரைவர் வேலை இருக்குமுங்களா?” என்றேன்.

“ஆருக்கு? மகனுக்கோ?”

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். “ஆமாங்க, பையனுக்குத்தானுங்க” என்றேன். பெண்பிள்ளை லாரி ஓட்டுகிறாள் என்று ஒரு ஆம்பிளையிடம் சொல்ல வாய் கூசிற்று.

“புதுசா வாறவையை எங்கட கொம்பனியில தனிய விடமாட்டினம். ஒரு மாசம் பழைய ட்ரைவரோட போகவேணும். நானே கூட்டிக்கொண்டு போறன். நம்பரைத் தாங்கோ.”

ஸ்டெல்லாவின் நம்பர் எழுதிய காகிதத்தையும் காபித்தூளையும் கொடுத்தேன். இரண்டையும் வாங்கிக்கொண்டார். மாடிப்படி ஏறும்போது கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், அவர் போன் செய்தால் ஸ்டெல்லாதானே எடுப்பாள் என்பது நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லா வந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். வந்தாள், நான் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“தங்கச்சி, அம்மா மகனுக்கு வேலை கேட்டவ. அவரோட ஒருக்காக் கதைக்கலாமோ?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

“எனக்கு அண்ணனும் இல்லீங்க, தம்பியும் இல்லீங்க. லைசென்ஸ் வாங்குனது நானுங்க.”

“ஓ… அப்ப அம்மா…”

“அம்மாவுக்கு வயசாயிருச்சுங்க. மறந்திருப்பாங்க.”

நான் மறக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

பெண் ஓட்டுவதில் பிழையில்லை, ஆனால் ஒரு மாதம் ஒரே வண்டியில் தான் கூட்டிப் போவது சரிவராது, ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். ஒன்பது நாள் போன் வரவில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அப்போதே வேறு வழி பார்த்திருப்பார். அந்த ஒன்பது நாளும் ஸ்டெல்லா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். அவர் கம்பெனியில் ஓட்டுகிற ஒரு பஞ்சாபிப் பெண் கூட்டிப் போகச் சம்மதித்திருந்தார். கடிதமும் வந்தது.

பிலோமினாவிடம் புது ஆபீஸ் என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் வந்தாள். “ஏங்கண்ணு ஸ்டெல்லா, புது ஆபீஸாமா? ஏசி ரூமா?”

கம்பெனி கொடுத்த பளபளக்கும் பட்டை போட்ட சட்டை பின்னால் நாற்காலியில் கிடந்தது. அது தெரியாதபடி ஸ்டெல்லா போனைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏசிதாங்க சித்தி. குந்திட்டே செய்யற வேலைதான்” என்று சிரித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் பொய்யை எனக்காக அவள் சுமந்தாள். நன்றாகத் திட்டியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

பிலோமினா, நீ இதைப் படிப்பாய். ஸ்டெல்லா ஆபீஸில் இல்லை. லாரி ஓட்டுகிறாள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிடு.

போன வாரம் பழைய கார் ஒன்று வாங்கி என்னை ஊர் சுற்றக் கூட்டிப் போனாள். இங்கே ரோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். ஆனால் என் உடம்பு ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவுக்குத் தயாராவது போல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டேயிருந்தது. “நேரா உக்காரும்மா, இங்க வளைவே இல்ல” என்றாள். நிமிர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சாய்ந்திருந்தேன்.

மலர் தயாரிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குப்பனூர் டீக்கடை அப்போது ரோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது, அந்தோணி லாரிக்குப் போனது காபிப் பழம் எடுக்கிற சமயமா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. கொட்டச்சேட்டில் யாரையாவது கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நடந்ததை ஸ்டெல்லாவிடம் கேளுங்கள். அவளிடம் நான் இன்னும் இதைக் காட்டவில்லை. கைப் பழக்கத்தில் எங்காவது பையன் என்று தவறாக விழுந்திருந்தால் அதை அடித்துவிட்டு மகள் என்று போட்டுவிடுங்கள்.