திராட்சைக்குக் காவல் நிற்கும் கதாநாயகி

இன்று ஓடைப்பட்டியில் திராட்சை வாங்க வண்டியை நிறுத்தினேன். தோட்டத்து வேலியில் திருஷ்டிக்காக ஆளுயர ஃப்ளெக்ஸ். வழக்கமான பூதம் இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகை ஒருவர். பெயர் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவீர்கள்.

அதுவும் கடைசிக் காலத்தில் நடித்த கொடுமைக்கார மாமியார் வேடம். முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மொதல்ல அவுக கதாநாயகியா இருந்த படத்தத்தான் கட்டுனேன், டீச்சர்," என்றார் தோட்டக்காரர். "போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாத்தான். பாத்துக்கிட்டே ஆளுக்கொரு குலையத் தின்னுட்டான்."

"இப்ப?"

"ஒரு பய நிக்கிறதில்ல. ஆனா பழம் வெட்டுற பொம்பளையாளுகளும் உள்ள வர மாட்டேங்குறாக. என் மருமக இந்தப் பக்கமே திரும்புறதில்ல. வெள்ளிக்கிழமை வெட்டு."

என் கையிலிருந்த போனைச் சுட்டிக் காட்டினார். "கண்டிப்பாவும் இருக்கணும், நல்ல மனசுக்காரியாவும் தெரியணும். அப்படி ஒரு வேசம் நடிச்சிருப்பாகள்ல? தேடுங்க."

வேலியோரம் நின்று முக்கால் மணி நேரம் தேடினேன். காதலிக்கிறார். அழுகிறார். பாலில் விஷம் கலக்கிறார். ஆயுசு முழுக்க நடித்தவருக்கு அப்படி ஒரு வேடத்தை யாருமே கொடுக்கவில்லை.

"அப்ப அந்த வேசத்த யாருக்குத்தான் குடுத்தாக?"

"ஹீரோவோட அப்பாவுக்குண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர், உங்க போட்டோ ஒண்ணு இருக்கா?"

நண்பர்களே, அந்த நடிகையின் அப்படி ஒரு படம் யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் போட்டோவுக்காகக் காத்திருக்கிறார்.