சாத்தாத தறிக்கூடம்

சங்கரன்கோவில். கோமதியின் விசைத்தறிக்கூடத்தில் இரைச்சலை மீறிக் கத்தித்தான் பேசுகிறோம். நூல் அறுந்ததும் தறி தானாக நிற்கிறது. அப்படி நிறுத்தும் கருவியைச் செய்தவரே முதலாளி கோமதிதான். திறந்த கதவு வழியே எதிர்க்கூடத்துக்காரர் வந்து, கருவியைச் செல்போனில் படமெடுக்கிறார்.

"காப்பியடிச்சிருவாரே!" என்கிறேன்.

"அடிக்கட்டும் அண்ணாச்சி. போன வாரம் இதுல இருந்த கோளாறைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே அவருதான்."

எங்கள் ஊர் உருக்காலைக்கு உயரமான மதில். ஆலை மூடியபோது, மதிலுக்கு வெளியே தொழில் தெரிந்தவர் யாருமில்லை; ஆலையோடு தொழிலும் போய்விட்டது. இப்போது அந்த ஆலைக் கொட்டகையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தறி போடப்போகிறோம். கற்றுத்தர வருவீர்களா என்று கேட்கிறேன்.

கோமதி நிமிர்ந்து பார்க்கிறார்.

"வாரேன், சொல்லித் தாரேன். ஆனா அங்கனயும் கதவச் சாத்தப்பிடாது."