மச்சினன் வயிற்றில் என் முழங்கால்

ஐம்பத்திரண்டு வயதில் மரமேறி முந்திரி திருடியவன் நான். அதுவும் தவக்காலத்தில். அதுவும் என் மனைவியின் தம்பி லூர்துவின் மரத்தில். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமிருக்காது, அன்பான இறைமக்களே.

ஜெயங்கொண்டம் போகிற வழியில் எங்கள் முந்திரிக்காடு. என் மாமனார் அதை மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார். எல்லையில் நிற்கிற பெரிய மரம் லூர்துவுக்கு. அதன் கிளை ஒன்று எங்கள் பக்கம் நீண்டிருக்கும். பழம் தானாக எந்தப் பக்கம் விழுகிறதோ அது அந்தப் பக்கத்துக்காரருக்கு. எங்கள் பகுதியில் இதுதான் வழக்கம். நான் அந்தத் ‘தானாக’வுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். காலையிலேயே ஏறி, கிளையை உலுக்கிக்கொண்டிருந்தேன். தவக்காலத்துக்குக் கறி தின்பதில்லை என்றுதான் ஆண்டவரிடம் சொல்லியிருந்தேன். கொட்டையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

லூர்து வந்தான். அண்ணாந்து பார்த்தான். என் காலைப் பிடித்து இழுத்தான்.

தொண்ணூறு கிலோ உடம்பு. மூட்டை மாதிரி வந்தேன். என் முழங்கால் அவனுடைய இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. அவனிடமிருந்து காற்றுப் போன சத்தம் மட்டும் வந்தது. அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. எழுந்து, அதே இடத்தில் ஓங்கி ஓர் உதை விட்டேன். அவன் உருண்டுபோய் ஒரு காய்ந்த கட்டையை எடுத்து என் மண்டையில் போட்டான். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நான் அவன் கையைக் கடித்தேன். அவன் என் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று முந்திரிச் சருகுக்குள் போனது. இன்னும் கிடைக்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லா ஓடிவந்து, நாய்களை விலக்குவதுபோல் எங்கள் இருவர் மேலும் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

என் சட்டை முழுக்க ரத்தம். அவன் மேல் கையிலிருந்த என் பல்தடத்தைத் தவிர ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே நான் நோயாளி, அவன் துணைக்கு வந்தவன் என்று ஆட்டோவிலேயே முடிவானது. அடிதடி என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் போலீசுக்கு எழுதிவிடுவார்கள். அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற ஒரே பொய், மரத்திலிருந்து விழுந்தேன் என்பது. என் விஷயத்தில் அது பாதி உண்மைகூட. லூர்துவும் ஒத்துக்கொண்டான். “அக்கா புருஷன் ஸ்டேஷன்ல உக்காந்தா எனக்குத்தான மாமா அசிங்கம்” என்றான். அப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். நான் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் நான் போட்ட கூச்சலில், பிரசவத்துக்கு வந்தவர்கள் பயந்திருப்பார்கள். எனக்குச் சீட்டு வாங்கி வந்தவன் லூர்துதான். வந்து பக்கத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. இடது தோள் வலிக்கிறது என்றான். அப்படியே சரிந்தான்.

அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். எங்காவது அடிபட்டதா என்று கேட்டார். லூர்து இல்லையென்று தலையாட்டினான். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேர்வை, தோள்வலி என்றால் மாரடைப்பாக இருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுங்கள் என்று டாக்டரம்மா நர்சிடம் சொன்னார்.

இங்கேதான் என் கேவலத்தைச் சொல்ல வேண்டும். மாரடைப்பு என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அது ஆண்டவர் கொடுத்தது, என் முழங்கால் கொடுத்ததில்லை அல்லவா.

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. லூர்துவின் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. என் பல் பதிந்த இடம் மட்டும் சிவந்திருந்தது. சாகிற நேரத்திலும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. நாள் முழுக்க ஊரைச் சிரிக்க வைக்கிற வாய் அது. குனிந்து அவன் காதோரம் முனகினேன். “ஆண்டவரே, நான் கோழை. என் வாய் வராது. நீரே காட்டிக்கொடும். இவன் பிழைக்கணும்.”

நர்ஸ் மாத்திரையோடு வந்துவிட்டார். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“அது இருக்கட்டும் சிஸ்டர். ஸ்கேன் மெஷினை இங்க தள்ளிட்டு வாங்க.”

சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. லூர்துவின் நெஞ்சில் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் அவன் இதயம், பிடிபட்ட அணில்போல் அடித்துக்கொண்டது. இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் நிரம்புவதற்கு ரத்தம் வரவில்லை, வேறெங்கோ போகிறது என்றார். கருவியை இடது விலாவுக்கு நகர்த்தினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். என் முழங்கால் இறங்கிய அதே இடம்.

“இந்தக் கறுப்பு ரத்தம். மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. யார் அடிச்சது?”

“நான்தாங்க” என்றேன். வாய் வந்துவிட்டது. “முழங்கால்ல. அப்புறம் ஒரு உதை.”

அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் ரத்தம் நின்றிருக்கவே நின்றிருக்காது என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குமேல் என்னோடு பேச அவருக்கு நேரமில்லை. ஸ்டெல்லாவுக்கு இருந்தது. தையல் போட்ட பக்கமாகப் பார்த்து அறைந்தாள். கட்டில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடியது. வாசலில் முழங்காலிட்டேன். அதே முழங்கால்தான். வேறு நான் எங்கே போவேன்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவன் கஞ்சி குடித்தான். நான் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வழக்கு இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போகிறேன், மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்வதில்லை.

அந்த டாக்டரம்மாவின் படிப்புக்கும் கைக்கும் நன்றி. மாத்திரை வாய்க்குப் போகுமுன் அந்தக் கையை நீட்டவைத்தவருக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, காட்டிக்கொடும் என்று. காட்டினார், திரை போட்டே காட்டினார். உங்களுக்குள்ளும் சொல்ல முடியாத ஏதாவது கிடந்தால் என்னைப்போல் திக்கித் திணறியாவது அவரிடம் கேளுங்கள். உங்களைக் கைவிட மாட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள், ஆண்டவருக்கு வேலை வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் லூர்துவுக்கு மாதுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன்.

“மாப்ள, அன்னிக்கு ஒன் காதுல செபம் பண்ணேனே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாமா, அப்பத்தான் பயமே வந்துச்சு.”